முப்பத்தொரு கையெழுத்து

செப்டம்பர் 8, திங்கள்

வேலைக்குச் சேர்ந்து இது நான்காவது வாரம். பதினொரு வருஷமாக வீட்டுக்காரர் விசாவில் ஒட்டிக்கொண்டு இந்த அமெரிக்க ஊரில் சும்மா கிடந்தவளுக்கு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை இன்னும் புதுத் தாலி மாதிரி உறுத்துகிறது. அட்டையில் செண்பகவல்லி என்று முழுசாகத்தான் போட்டிருக்கிறார்கள். கூப்பிடுவது ‘ஷென்’. கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

பள்ளிக்கூட நூலகத்தில் உதவியாளர், பகுதி நேரம். அக்டோபர் பத்தாம் தேதி வரை என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதுவரை தப்புத்தண்டா இல்லாமல் ஓட்டிவிட்டால் வேலை நிரந்தரம். இந்த வேலை எனக்கு வேண்டும். வேறு எதையும் நான் இப்படி ஆசைப்பட்டதாக ஞாபகமில்லை.

நூலகர் மிஸஸ் ஹால்வர்சனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவர் ஆங்கிலம் பேசினாலும் என் காதில் எங்கள் கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்து டீச்சர் பேசுவது மாதிரிதான் விழும். அப்படியே எழுதிவிடுகிறேன், யார் வந்து கேட்கப் போகிறார்கள்.

இன்றைக்கு மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல் வந்தது. பெற்றோர்கள் சிலர் சேர்ந்து முப்பத்தொரு புத்தகங்கள் மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள். எல்லாமே பத்திலிருந்து பதினாலு வயசுப் பிள்ளைகளுக்கு எழுதிய அமெரிக்க வரலாறு. படித்தால் பிள்ளைகள் மனசு கஷ்டப்படுகிறதாம், நாட்டு மேல் பற்று குறைகிறதாம். ஹால்வர்சன் அந்தக் காகிதத்தை ரெண்டு விரலால் தூக்கி என் மேஜையில் வைத்தார்.

“ஒவ்வொண்ணையும் ஒருத்தர் முழுசாப் படிச்சுக் கருத்து எழுதணுமாம்” என்றார். “முழுசா” என்பதை ரெண்டு தடவை சொன்னார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

“நீ என்ன படிச்சிருக்கே, ஷென்?”

பதினொரு வருஷத்தில் இந்த நாட்டில் ஒருத்தர் என்னைக் கேட்ட முதல் உருப்படியான கேள்வி இது. எம்.ஏ. வரலாறு, பி.எட். என்றேன். பல்கலைக்கழகத்தில் மூன்றாமிடம் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

“அப்பம் இந்தப் புத்தகங்களைப் பாக்க உன்னை விட்டா இங்க யாரு இருக்கா” என்றார் ஹால்வர்சன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியிலிருந்து சான்றிதழை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். கேசரி கிண்டினேன். வீட்டுக்காரர் கதிரேசன் “என்ன விசேஷம்” என்றார். சும்மாதான் என்றேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

படிவம் வந்துவிட்டது. புத்தகத்துக்கு ஒன்று. கீழே ரெண்டு கோடு: ‘படித்தவர்’, ‘நூலகர்’. ‘படித்தவர்’ கோட்டில் நான். ‘நூலகர்’ கோட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஹால்வர்சன் சொல்லிவிட்டார். நல்ல மனுஷி, என்னை முன்னால் நிறுத்துகிறார்.

ரெண்டு முடித்தேன். முதலாவது கப்பலில் வந்து இறங்கியவர்கள் கதை, பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. இதன் மேல் புகார் கொடுக்க ஒருத்தருக்குப் பொழுது இருந்திருக்கிறதே. இரண்டாவதில், பூர்வகுடிப் பிள்ளைகளைப் பிடித்துப் பள்ளியில் போட்டுத் தலைமுடியை வெட்டுகிறார்கள். சொந்தப் பாஷை பேசினால் தண்டனை. என் பெண்ணைக் கூப்பிட வந்த வரிசையில் காரில் உட்கார்ந்து படித்தேன். பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்த பிறகுதான் வரிசை நகர்ந்தது தெரிந்தது.

என் மகள் வதனி இதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. காரில் ஏறியதும், “ம்மா, நீ ஏன் அழற மாதிரி இருக்கே” என்றாள். ஏசிக் காற்று என்றேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பிரின்சிபால் மிஸ்டர் ப்ரூயிட் நூலகத்துக்கு வந்தார். குரல் உயராத மனுஷர். யாரைப் பார்த்தாலும் பிள்ளைகள் சௌக்கியமா என்று கேட்பார்.

“எத்தனை முடிஞ்சுது?”

“நாலு.”

சிரித்தார். கேலியாக இல்லை, பாவம் என்கிற மாதிரி. “பக்கம் பக்கமா யாரும் எதிர்பார்க்கலை, ஷென். வெள்ளிக்கிழமைக்குள்ள படிவம் எல்லாம் என் மேஜைக்கு வந்துரட்டும். எதுக்கு வம்பு, எல்லாத்தையும் ‘நீக்கலாம்’னே போட்டுருங்க. அக்டோபர் ஒண்ணாம் தேதி மூணு மணிக்கு வேன் வரும், புத்தகங்களை ஏத்திவிட்டா வேலை முடிஞ்சுது. பத்தாம் தேதி உங்க பெர்மனன்ட் ஆர்டர்லயும் நான்தானே கையெழுத்துப் போடணும்” என்றார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஹால்வர்சன் அப்போது அலமாரிக்குப் பின்னால் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். ப்ரூயிட் போன பிறகும் தேடிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 19, வெள்ளி

முப்பத்தொரு கையெழுத்து. கை வலிக்கிறது. ரசம் மட்டும் வைத்தேன்.

செப்டம்பர் 20, சனி

அடுப்பைக் கழற்றித் துடைத்தேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பெருக்கினேன். வதனியின் பழைய உடுப்புகளை மடித்துப் பையில் கட்டினேன். திரும்ப அவிழ்த்து வேறு மாதிரி மடித்தேன். “உனக்கு என்ன ஆச்சு, ஒரு இடத்துல உக்காரேன்” என்றார் வீட்டுக்காரர். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. வானிலை மாறுகிறது, அதனால் இருக்கும்.

செப்டம்பர் 22, திங்கள்

ஒரு யோசனை வந்தது. வேன் வர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் மீதியையும் படித்துவிட்டால் போட்ட கையெழுத்து பொய்யில்லையே. முன்னே பின்னே ஆகிவிட்டது, அவ்வளவுதான். மளிகைக் கடையில் சாமானைப் பையில் போட்டுக்கொண்டு பிறகு பணம் கொடுப்பதில்லையா.

முப்பத்தொன்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கிக் காருக்குத் தூக்கி வந்தேன். ஹால்வர்சன் பார்த்தார். எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டார்.

செப்டம்பர் 24, புதன்

பதிமூன்று முடிந்தது. குக்கர் மூன்று விசில் வருவதற்குள் ஒரு அத்தியாயம் ஓடுகிறது. துணி காயும் நேரத்தில் ரெண்டு.

ரயில் பாதை போட்ட சீனர்களைப் பற்றி ஒன்று. பாதை முடிந்த அன்றைக்கு எடுத்த போட்டோவில் அவர்களைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வெளுக்கும் வேலை செய்த கறுப்பினப் பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து ஊரே அழுக்குத் துணியோடு நிற்கும்படி வேலையை நிறுத்தியதைப் பற்றி ஒன்று. அதைப் படிக்கும்போது எனக்கே கையைத் தட்ட வேண்டும் போலிருந்தது. ஒரு போரைப் பற்றிய புத்தகத்தில் ஆண்டு, பெயர் எல்லாம் குளறுபடி. அதை நானே தூக்கிப் போடுவேன். எல்லாம் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை.

பஞ்சாலைப் பிள்ளைகளைப் பற்றிய புத்தகத்தைத் திறந்து ஒரு படம் பார்த்தேன். மூடிவிட்டேன். அதைப் பெட்டியின் அடியில் வைத்தேன். நேரமில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

படிவங்களின் நகலைப் பெட்டிக்குள்ளேயே விட்டிருக்கிறேன், புத்தி கெட்டவள். வதனி பென்சில் தேடி வந்தவள் எடுத்துப் பார்த்துவிட்டாள்.

“ம்மா, இது உன் சைன்தானே?”

“ஆமா.”

“‘ஐ ஹாவ் ரெட் திஸ் புக் கம்ப்ளீட்லி’ன்னு இருக்கு. முப்பத்தொண்ணும் படிச்சிட்டியா?”

“படிச்சிக்கிட்டிருக்கேன்ல.”

“ஆனா டேட் நைன்டீன்த் போட்டிருக்கே.”

“போய்ப் பென்சிலைத் தேடு” என்று கத்திவிட்டேன். பென்சில் அவள் கையிலேயே இருந்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

வீட்டுக்காரரும் வதனியும் நீச்சல் வகுப்புக்குப் போனார்கள். பெட்டியின் அடியிலிருந்து அந்தப் பஞ்சாலைப் புத்தகத்தை எடுத்தேன்.

நூறு வருஷத்துக்கு முந்தைய போட்டோக்கள். இயந்திரம் எட்டாமல் அதன் மேல் ஏறி நிற்கிற பிள்ளைகள். ஒரு சிறுமிக்குக் காலில் செருப்பில்லை, தலையெல்லாம் பஞ்சு. பதினாலு வயசு ஆகாமல் வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு என்ன நடந்தது என்று எழுதியிருக்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பெற்றவர்கள் ஒரு காகிதத்தில் ‘என் பிள்ளைக்குப் பதினாலு’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அதிகாரி வந்து கேட்டால் பிள்ளையும் பதினாலு என்று சொல்லும்.

நான் ஒன்பது வயசில் சொல்லியிருக்கிறேன்.

அம்மா நோயில் படுத்த வருஷம். விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வரும், எங்கள் பக்கம் ஆலையை அப்படித்தான் சொல்வோம். பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய், மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்க வேண்டும். குச்சி மருந்து வாடை சோற்றிலும் வரும். எட்டு மாசம் போனேன். ஒரு நாள் ஆபீசர் ஒருத்தர் வந்து, “பாப்பா, உனக்கு எத்தனை வயசு” என்று கேட்டார். பதினாலு என்றேன். அவர் என் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பிறகு மேஸ்திரி காட்டிய காகிதத்தைப் பார்த்தார். அதில் அப்பா கையெழுத்து இருந்தது. அப்பா எழுதப் படிக்கத் தெரிந்தவர். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் போட்டார். ஆபீசர் காகிதத்தை நம்பிவிட்டுப் போய்விட்டார்.

இதை நான் வீட்டுக்காரரிடம் சொன்னதில்லை. கல்யாணப் பேச்சின்போது சொல்ல வேண்டாம் என்றார்கள், பிறகு சொல்லத் தோன்றவில்லை. வரலாறு படித்தேனே ரெண்டு டிகிரி, எந்தப் புத்தகத்திலும் அந்த பஸ் வரவில்லை. இங்கே, இந்த ஊர் பத்து வயசுப் பிள்ளைக்காக எழுதிய புத்தகத்தில் வந்து நிற்கிறது. அதற்கு நான் ‘இளம் வாசகர்களுக்கு ஏற்றதல்ல’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அவர்கள் வந்துவிட்டார்கள். தோசை ஊற்ற வேண்டும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இருபத்தாறு முடிந்தது. இன்னும் ஐந்து பாக்கி. நாளை மூன்று மணிக்கு வேன்.

நாளைக்குச் சரஸ்வதி பூஜை. வீட்டுக்காரருக்கு இந்த ஒரு நாள் வந்துவிட்டால் பக்தி பொங்கிவிடும். வீட்டில் எழுத்து இருக்கிற எதையும் விடமாட்டார். டெலிபோன் பில் கூட ஒரு வருஷம் பூஜையில் இருந்தது. “எந்தெந்தப் புத்தகம்லாம் வைக்கணும்” என்று கேட்டார். “இருக்கிறதை வைங்க” என்றேன்.

புத்தகப் பெட்டி ஹாலில் வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. காலில் இடிக்கிறதே என்று கொஞ்சம் தள்ளி வைத்தேன். பூஜை அலமாரிப் பக்கம்தான் இடம் இருந்தது.

அக்டோபர் 1, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பிறகு யாராவது கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும்.

காலை ஆறரைக்கு நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். ஹாலுக்கு வந்து பார்த்தால் முப்பத்தொரு புத்தகமும் வதனியின் கணக்குப் புத்தகத்தோடு சேர்ந்து சாமி முன்னால் அடுக்கியிருக்கிறது. ஒவ்வொன்றின் அட்டையிலும் சந்தனம், அதன் மேல் குங்குமப் பொட்டு. மேலே பட்டுத் துண்டு. வீட்டுக்காரர் கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “உன் ஆபீஸ் புத்தகமும் வச்சாச்சு, செம்பகம்” என்கிறார், பெருமையாக.

இதில் என் பங்கு ஒன்றும் இல்லை. நான் அடுப்படியில் இருந்தேன்.

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை செய்து, ஏட்டைப் பிரித்து நாலு வரி படித்த பிறகுதான் எடுக்கலாம். இது எங்கள் வீட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஒன்பது மணிக்கு மீட்டிங் என்று வீட்டுக்காரர் தன் லேப்டாப்பைப் பொட்டோடு உருவிக்கொண்டு மாடிக்குப் போனார். அது வேறு. லேப்டாப்பும் புத்தகமும் ஒன்றில்லை.

வெறுங்கையோடு வேலைக்குப் போனேன். மூன்று மணிக்கு வேன் வந்தது. ப்ரூயிட் நூலகத்துக்கே வந்துவிட்டார்.

“பெட்டி எங்கே, ஷென்?”

“வீட்டுல இருக்கு. சாமிகிட்ட.”

“யாருகிட்ட?”

படிப்புக்கு ஒரு தெய்வம், வருஷத்தில் ஒரு நாள் புத்தகமெல்லாம் அவளுடையது, நாளை காலை வரை எடுக்க முடியாது என்று விளக்கினேன். என் குரல் ரொம்பத் தெளிவாக இருந்தது, எனக்கே ஆச்சரியம். ப்ரூயிட் ஹால்வர்சனைப் பார்த்தார். ஹால்வர்சன் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். வேன்காரன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனான்.

வீட்டுக்காரர் தெரியாமல் செய்தது. அவ்வளவுதான்.

அக்டோபர் 2, வியாழன்

மறுபூஜை முடிந்து வதனியை ஒரு ஏடு எடுத்துப் படிக்கச் சொன்னோம். வருஷா வருஷம் அவள் கைக்கு வந்ததை எடுத்து நாலு வரி ஒப்பித்துவிட்டு ஓடுவாள். இன்றைக்கு ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தாள். சிறுமி படம் போட்டதை எடுத்தாள். நடுவில் பிரித்து ஆங்கிலத்தில் படித்தாள். ஆலையில் வேலை செய்த ஒரு பெண் கிழவியான பிறகு சொன்னது:

‘பதினாலு என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். பதினாலு என்றால் எத்தனை என்று அப்போது எனக்கு எண்ணத் தெரியாது.’

வதனி நிமிர்ந்தாள். “ம்மா, இவ அப்பா ஏன் பேப்பர்ல பொய் சொன்னார்?”

“வீட்டுல சோறு வேணும்ல” என்றேன்.

“நீ ஏன் சொன்னே?”

வீட்டுக்காரர் மணியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அவருக்குப் படிவத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

“வேலை வேணும்ல” என்றேன்.

வதனி புத்தகத்தை மூடி, கண்ணில் ஒற்றி, அடுக்கின் மேலேயே வைத்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பப் போனாள். எனக்கு அவமானமாக இருந்தது. என் அப்பாவை நான் ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லை.

எழுதிவிடுகிறேன். பெட்டி காலில் இடிக்கவில்லை. தள்ளி வைத்தது நான்தான், தெரிந்துதான்.

பள்ளிக்குப் பெட்டியைக் கொண்டுபோனேன். ப்ரூயிட் மேல் புத்தகத்தைத் தொட்டுவிட்டு விரலைப் பார்த்தார். “இது என்ன, ரத்தமா?” குங்குமம் என்றேன். டிஷ்யூ எடுத்துத் துடைத்தார், இன்னும் பரவியது. ஆனால் கோபிக்கவில்லை. ஒரு கடிதம் தயாராக வைத்திருந்தார். மத வழக்கத்தால் ஏற்பட்ட ஒரு நாள் தாமதம், பள்ளி அதை மதிக்கிறது. நான் கையெழுத்துப் போட்டால் போதும். நாளை மூன்று மணிக்கு வேன் திரும்ப வரும், யாருக்கும் கெட்ட பெயரில்லை.

“என் படிவங்களைத் திருப்பித் தர முடியுமா, சார்?” என்று கேட்டேன்.

“எதுக்கு?”

“மாத்தி எழுதணும்.”

“அது ஃபைலுக்குப் போயாச்சு, ஷென். இனி அதைச் செல்லாதுன்னு ஆக்கணும்னா, படிக்காமலே படிச்சதாக் கையெழுத்துப் போட்டேன்னு நீங்களே எழுதிக் கொடுக்கணும். அப்படி எழுதினா பரிசீலனை முதல்லேர்ந்து நடக்கும், அது முடியற வரைக்கும் புத்தகங்கள் அலமாரியிலதான் இருக்கணும், அது விதி. ஆனா பொய்க் கையெழுத்துப் போட்டவங்களை, அதுவும் நிரந்தரம் ஆகாதவங்களை, நான் வேலையில வச்சுக்க முடியாது. அதுவும் விதி.” நிதானமாகத்தான் சொன்னார். “பத்தாம் தேதிக்கு எட்டு நாள் இருக்கு. வீட்டுக்குப் போய் யோசிங்க.”

வெளியே வந்து நகலையெல்லாம் புரட்டினேன். முப்பத்தொன்றிலும் ‘நூலகர்’ கோடு காலியாக இருந்தது. ஹால்வர்சனிடம் கொண்டுபோய் வைத்தேன்.

“உங்க கையெழுத்து எங்க?”

அவர் அந்தக் கோட்டையே பார்த்தார். “எங்க வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நடக்கு. இன்ஷூரன்ஸ் என் வேலையிலதான் இருக்கு. ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம். எந்தப் பக்கம் போட்டாலும் யாராவது என் பேரைச் சொல்லிக் கத்துவாங்க.” பிறகு, “உன் படிப்பை நான் கேட்டது மனசாரத்தான், ஷென். ஆனா அதுக்கு மட்டும் கேக்கலை” என்றார்.

பல்கலைக்கழகத்தில் மூன்றாமிடம் என்று சொன்னேனே அவரிடம். எங்கே போய் முட்டிக்கொள்வது.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், பெட்டி, ப்ரூயிட், ஹால்வர்சன். அதோடு தீப்பெட்டி ஆபீஸையும் சொன்னேன். அதற்குத்தான் அவர் முதலில் பேசினார். “எட்டு மாசமா? இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.” பிறகு கடிதத்துக்கு வந்தார்.

“வேலை இல்லைன்னு பதினோரு வருஷம் என் உசிரை எடுத்தது நீ. இப்பம் கிடைச்சதை நீயே எழுதிக் கொடுத்துட்டு வாரேங்கிறே. புத்தகம் இந்தப் பள்ளிக்கூடத்துல இல்லைன்னா பொது நூலகத்துல இருக்கும். ஒரு வாரம் பொறு, செம்பகம். பத்தாம் தேதி ஆர்டரைக் கையில வாங்கிட்டு அப்புறம் எழுது.”

“வேன் நாளைக்கு வருது.”

“வந்தா?”

“போயிரும்ல, எல்லாம்.”

அவர் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். நானும் நடந்தேன். ரெண்டு பேரும் எதிரெதிரே இடித்துக்கொள்ளாமல் நடந்துகொண்டிருந்தோம். கடைசியில், “எழுதுறதா இருந்தா உன்னைப் பத்தி மட்டும் எழுது. அந்த நூலகர் அம்மாவை இழுக்காதே” என்றார். அதைத்தான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் அவர் வாயால் வந்ததும் எனக்குக் கோபம் வந்தது. அந்த அம்மாவுக்கு வக்காலத்து வாங்க இவர் யார்.

அக்டோபர் 3, வெள்ளி

காலை எட்டு மணிக்குக் கொடுத்தேன். ஒரு பக்கம். நான் செய்ததை மட்டும் எழுதினேன். கையெழுத்திட்ட அன்று முப்பத்தொன்றில் ஐந்தோ ஆறோதான் படித்திருந்தேன். இப்போது இருபத்தாறு படித்திருக்கிறேன். அவற்றில் ஒன்று பிழை மலிந்தது, சில சுமார், மற்றவை ஒவ்வொரு பிள்ளையும் படிக்க வேண்டியவை. மீதி ஐந்தைப் பற்றி எனக்குக் கருத்துச் சொல்ல உரிமையில்லை.

ப்ரூயிட் ரெண்டு தடவை படித்தார். “நிச்சயமா?” என்றார். நிச்சயம் என்றேன். ஓடிப்போய்க் கடிதத்தைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட இருந்தது. மத்தியானத்துக்குள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

மூன்று மணிக்கு வதனியைக் கூப்பிட வரிசையில் நின்றேன், இனி வெறும் அம்மாவாக. வேன் வந்தது. காலியாகத் திரும்பிப் போனது.

அக்டோபர் 6, திங்கள்

எழுந்து, குளித்து, புடவை மாற்றி, காரில் உட்கார்ந்த பிறகுதான் போவதற்கு இடமில்லை என்று உறைத்தது. இறங்கி வந்து தோட்டத்துக் குழாயை ஒரு மணி நேரம் சுருட்டினேன்.

அக்டோபர் 8, புதன்

வதனிக்குத் தலை பின்னும்போது தீப்பெட்டி பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். நிறையக் கேள்வி கேட்டாள். பஸ் என்ன கலர் என்று கேட்டாள். எனக்கு ஞாபகமில்லை. எப்போதும் இருட்டாக இருந்தது என்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி

நிரந்தரமாகியிருக்க வேண்டிய நாள். காலையிலேயே அழுதுவிட்டேன், மறைக்கவில்லை. செய்தது சரி என்று தெரியும். ஆனாலும் அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. இப்போதும் வேண்டியிருக்கிறது. சரியானதைச் செய்தால் மனசு லேசாகிவிடும் என்று யார் கிளப்பிவிட்டதோ.

பதினொரு மணிக்குப் போன். ஹால்வர்சன்.

“புதுப் படிவம் வந்திருக்கு, ஷென். படிக்க ஆள் இல்லைன்னு என் தலையிலயே கட்டிட்டாரு. ‘படித்தவர்’ கோட்டுலயும் நான்தான், ‘நூலகர்’ கோட்டுலயும் நான்தான்.”

கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. “ஆரம்பிச்சிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டேன்.

“ஆரம்பிச்சேன். நேத்து அஞ்சு பக்கம், இன்னைக்கு அஞ்சு பக்கம். முழுசாப் படிக்கணும்னுதான் விதி, வேகமாப் படிக்கணும்னு எங்கயும் எழுதலை. நான் ரெண்டு தடவை தேடிப் பார்த்துட்டேன்.” மூச்சு வாங்கினார். “புத்தகமெல்லாம் அதுவரைக்கும் அலமாரியிலதான் இருக்கும். பொட்டோட. பிள்ளைங்க அது என்னன்னு கேட்டுக் கேட்டே எடுத்துட்டுப் போவுது.”

“இப்படிப் படிச்சா எப்போ முடியும்?”

“நானும் கணக்குப் போட்டேன். ரிட்டயர் ஆகறதுக்குள்ள முடிச்சிரலாம்னு நினைக்கேன்.”

நான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஒரு மாசத்தில் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது அப்போதுதான்.

“அவசரமே இல்லை, மிஸஸ் ஹால்வர்சன்” என்றேன். “மெதுவாவே படிங்க.”